சுருங்கி வளர்ந்த செம்பருத்தி

"நேத்திக்கு என் இடுப்பு உசரம் இருந்தது. இன்னிக்கு முழங்கால் வரைக்கும்தான் இருக்கு. செடி சுருங்குமாம்மா?"

கனகலக்ஷ்மி தோசைக்கல்லைத் துடைத்தபடியே சமையலறையிலிருந்து பால்கனியை எட்டிப் பார்த்தாள். தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான் வினய்.

"மைசூர்ல இப்பல்லாம் வெயில் ஜாஸ்தி. சுருங்கும்."

வினய் தலையாட்டினான். கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆபீஸ்ல எல்லாரும் மேல போ, மேல போன்னுதான் சொல்லித் தரா. எப்படிக் கீழ வரதுன்னு ஒருத்தரும் சொல்லித் தரல. இது சொல்லித் தரது. சுருங்கறதும் ஒரு வளர்ச்சிதான், இல்ல?"

"ஆமாம்டா. தோசை ஆறிப்போறது, வா."

இவன் எஞ்சினியரிங்கில் முதல் வகுப்பில் தேறியவன் என்பதை அவளால் சில சமயம் நம்ப முடிவதில்லை. இப்போதைக்கு அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பெங்களூரிலிருந்து ஒருநாள் பெரிய பையோடு மைசூர் விஜயநகர் வீட்டுக்கு வந்து இறங்கியவன், "லீவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். வாரக்கணக்கில் யாருக்கு லீவு தருவார்கள்? வேலை போய்விட்டது என்று அவள் முடிவு செய்தாள். கேட்டால் உடைந்துவிடுவான் என்று கேட்கவில்லை. கணவர் சாம்பசிவன் இருந்திருந்தால் நயமாகக் கேட்டிருப்பார். அவர் படமாகிச் சுவருக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பகலெல்லாம் சோபாவில் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு செம்பருத்திச் செடியை வரவழைத்துத் தொட்டியில் நட்டான். அன்றிலிருந்து காலையில் எழுந்தான், குளித்தான், செடியிடம் பேசினான்.

"இது துளிர் விட்டா நானும் துளிர் விடுவேன்னு தோணறதும்மா" என்றான்.

ஆனால் செடி துளிர் விடவில்லை, பட்டுப்போனது.

அவன் இன்னும் எழுந்திருக்காத ஒரு காலையில்தான் அவள் அதைப் பார்த்தாள். செருப்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டினாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தண்ணீர் டாங்கி பக்கத்து நர்சரிக்கு நடந்துபோய், இன்னொரு செம்பருத்தியை வாங்கிவந்து அதே தொட்டியில் நட்டுவிட்டாள்.

அதுவும் பட்டுப்போனது. அடுத்ததும். ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்திருப்பதற்குள் போய்வந்தாள். ஒரே மாதிரி செடி எப்போதும் கிடைத்துவிடுமா?

"சிவப்பா பூத்துண்டிருந்தது, இப்ப மஞ்சளா பூத்திருக்கே?" என்றான் ஒருநாள்.

"உரம் மாத்தினேன்."

"அப்போ எனக்கும் வேற நிறத்துல பூக்க வாய்ப்பிருக்கு."

"தாராளமா."

நர்சரிக்காரர் மஞ்சுநாத் அவளை இப்போது பார்த்ததுமே முக்காலியை இழுத்துப் போட்டுவிடுவார். "பர்வாகில்ல, உக்காருங்க அம்மாவ்ரே" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக் காபி வரவழைப்பார். அங்கே நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் லிங்கம்மா தன் மருமகளைப் பற்றிய புகார்களை எல்லாம் இவளுக்கென்றே சேர்த்துவைத்திருப்பாள். கனகலக்ஷ்மி தன் பங்குக்கு ஆறுதல் சொல்வாள். திரும்பும்போது பூங்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். சுற்றுவழிதான், ஆனால் அங்கே நிழல் உண்டு.

சுருங்கிய செடியும் அந்த வாரக் கடைசியில் தலையைத் தொங்கப்போட்டது. இந்தத் தடவை அவள் கோபத்தோடு போனாள். காபியைத் தொடவில்லை.

"மஞ்சுநாத், உங்க செடியில ஏதோ கோளாறு இருக்கு. ஒண்ணுகூட நிலைக்க மாட்டேங்கறது."

"என் செடியிலயா?"

"பின்னே? என் பிள்ளை வேலை போய் நொந்துபோயிருக்கான். இந்தச் செடி ஒண்ணைப் பிடிச்சுண்டுதான் நிக்கறான். இது போச்சுன்னு தெரிஞ்சா அவன் என்ன ஆவான்? நல்ல செடியாத் தர முடியாதுன்னா சொல்லிடுங்கோ. நான் வேற நர்சரியைப் பார்த்துக்கறேன். எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லவும் சொல்லுவேன்."

மஞ்சுநாத் லிங்கம்மாவைப் பார்த்தார். லிங்கம்மா மண்ணைப் பார்த்தாள்.

கனகலக்ஷ்மி விடவில்லை. இருப்பதிலேயே திடமான செடியாகத் தேடினாள். தடித்த தண்டும் பளபளக்கும் இலைகளுமாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இதாவது தாங்குமா?"

மஞ்சுநாத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று தலைமுறையாக நர்சரி நடத்தும் குடும்பம். வாங்கின பேரை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை.

"அம்மாவ்ரே, தினம் சுடுதண்ணி ஊத்தினா எந்தச் செடி தாங்கும்?"

"யார் ஊத்தறா?"

"உங்க மகன்தான். சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. முதல் செடி மட்டும்தான் தானாப் போச்சாம். அப்பா போனதிலேருந்து வாசப்படி தாண்டாத அம்மா, அன்னிக்கு அந்தச் செடிக்காக வெளியே கிளம்பினாங்கன்னாரு. ஜன்னல்லேருந்து பார்த்தாராம். வேலையெல்லாம் போகல. உங்களுக்காக லீவு போட்டுட்டுத்தான் வந்து உக்காந்திருக்காரு. அம்மா வந்தா காபி குடுங்க, பேச்சுக் குடுங்க, சீக்கிரம் அனுப்பிடாதீங்கன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாரு."

கனகலக்ஷ்மி முக்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போயிருந்த காபியை மெதுவாகக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து, தேர்ந்தெடுத்த செடியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"இதைவிட நோஞ்சானா ஒண்ணு குடுங்கோ" என்றாள். "இது சுடுதண்ணியையும் தாங்கிடும் போலிருக்கு."