காவலுக்குப் புது ஆள்

புதுக் கணினியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மாலை வெயில் அதில் பட்டுச் சுருக்கம் சுருக்கமாக மின்னுகிறது. வங்கி வாசலில் மேனேஜரையே அடையாள அட்டை கேட்டு நிறுத்திய ஓய்வுபெற்ற காவலாளி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களில் எது கெடுபிடியானது என்று தேடுகிறார். எது வந்தாலும் நிறுத்திக் கேட்கும் ஃபயர்வாலோடு ஒன்று வருகிறது. "இவன்தான் நம்ம ஆளு" என்று அதைப் போடுகிறார். பக்கத்து நாற்காலியில் மனைவி தலைவாரி, பவுடர் பூசி, கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் மகள் தன் கைக்குழந்தையை இன்று வீடியோ அழைப்பில் பெரிய திரையில் காட்டப்போகிறாள். திரையில் ஒரு பெட்டி எழுகிறது: அனுமதிக்கவா, தடுக்கவா? உள்ளே வரக் கேட்பது ஏதோ தெரியாத பெயர். தடுக்கிறார். மறுபடி எழுகிறது. மறுபடியும் தடுக்கிறார். மவுஸ் டிக்கென்று சொடுக்குகிறது. "இனி ஈ, காக்கா நுழையாது." சமையலறையில் கைப்பேசி அடிக்கிறது. போய் எடுத்தவள், அதைக் காதில் வைத்தபடியே வந்து நிற்கிறாள். "உங்க பேத்தி அப்ப புடிச்சு வாசல்ல காத்துக்கிட்டிருக்காளாம். இன்னும் அடையாள அட்டை எடுக்கலையாம். உள்ள விடலாமாங்க?"