ஆளரவம் இல்லாத இடம்

விடுமுறைக்குத் திட்டம் போடுவதில் பிந்த்ரா தம்பதியை மிஞ்ச ஆளில்லை. சண்டிகரில் இருந்தபடியே, தீர்த்தன் பள்ளத்தாக்கில் அறை வாடகைக்கு விடும் டேக் சிங்கைப் போனில் வறுத்தெடுத்துவிட்டார்கள்.

"ஆத்துச் சத்தம் அறைக்குள்ள கேக்குமா?"

"காதைப் பொத்திக்கிட்டாலும் கேக்கும்ஜி."

"காலையில சித்தூ ரொட்டி கிடைக்குமா?"

"சுடச்சுட அவிச்சு, நெய் ஊத்தித் தருவா என் சம்சாரம்."

"பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?"

"தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. அவ்வளவு அமைதி!" என்றான் டேக் சிங் பெருமையாக.

ராஜ்மா உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சேவதி நிமிர்ந்தாள். "ஊர் சுத்திப் பாக்க வர்றவனுக்குப் பக்கத்து வீட்டுக் கவலை எதுக்கு?"

"பட்டணத்துக்காரங்க தனிமையைத் தேடி வர்றாங்கடி. அதெல்லாம் உனக்குப் புரியாது."

வந்தார்கள். ஆள் இரண்டு, பெட்டி ஒன்று, வண்டி மட்டும் ஒரு குடும்பமே குடிபெயரும் அளவுக்குப் பெரியது.

பனிமலையைப் பார்க்க வந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டியே நின்றார்கள். திருமதி பிந்த்ரா வால்நட் மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தாள். வெள்ளி ஹூக்காவை நாலு பக்கமும் படம் எடுத்தாள்.

"என்ன ஒரு ரசனை!" என்று வியந்தான் டேக் சிங்.

"எல்லாம் பரம்பரைச் சொத்தா?" என்று கேட்டார் பிந்த்ரா.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குஜி." டேக் சிங் மீசையை நீவிக்கொண்டான். சேவதி தரையைப் பார்த்தாள்.

மறுநாள் அக்கரையில் தேவதையின் பல்லக்கு வரும் திருவிழா. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. வீட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றார் பிந்த்ரா. விருந்தாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! வரமாட்டேன் என்ற சேவதியையும் டேக் சிங் இழுத்துக்கொண்டு போனான்.

திரும்பியபோது வீடு பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது. மரப்பெட்டி, கம்பளம், ஹூக்கா, பித்தளை விளக்கு எதுவும் இல்லை. சுவரில் ஆணி மட்டும் மிச்சம்.

"தலையில அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? ஓடுங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு!" சேவதி கத்தினாள். ஆற்றைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

டேக் சிங் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தான்.

"போனா முதல்ல என்ன கேப்பாங்க?"

"என்னென்ன போச்சுன்னு கேப்பாங்க."

"அது ரெண்டாவது கேள்விடி. வீட்டுக்குச் சொந்தக்காரர் எங்கேன்னுதான் முதல்ல கேப்பாங்க. பூட்டின வீடு பூட்டினபடியே இருக்கணும்னு என் கையில சாவியைக் கொடுத்துட்டுக் கனடா போன மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"