கோழி வரும் வரை

"கோழி ரத்தம் சொட்டாம இந்தப் பெடல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

மெர்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நவோட்டாஸ் மீன்பிடித் துறைமுகத்தில் படகு பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் இருபது பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தோம்.

கரையேற்றியிருந்த மீன்பிடிப் படகின் புரொப்பல்லர், ஷாஃப்டை விட்டு வர மறுத்தது. அதை நெட்டிக் கழற்றத்தான் புது பம்ப். கம்ப்ரசர் காற்றில் ஓடுவது. பெடலை மிதித்தால் எண்ணெய் ஹோஸ் வழியாகப் பாய்ந்து ஜாக்கைத் தள்ளும். கைப்பெட்டி அளவுதான் இருக்கும். ஐம்பது டன் தள்ளும்.

கோழி ரத்தம் எங்களுக்குப் புதிதல்ல. அஸ்திவாரம் தோண்டினால் விடுவார்கள், புதுப் படகுக்கு விடுவார்கள். ஒரு பம்புக்கு யாரும் கேட்டதில்லை.

"பம்ப் ஓட்ட சர்டிபிகேட் வச்சிருக்கறவதானே நீ? மந்திரவாதிகிட்டயா படிச்ச?" என்றார் இன்ஜினியர் பொன்சியானோ.

அன்று அவருக்குப் பட்டறையில் கடைசி நாள். முப்பத்தொரு வருடம். "இன்னிக்கு யாரும் தொடாதீங்க, நானே மாட்டறேன்" என்று, காலையில் பம்பின் ஒவ்வொரு இணைப்பையும் தன் கையாலேயே முடுக்கியிருந்தார். மூக்குக்கண்ணாடி மட்டும் ஆபீஸ் மேஜையில் கிடந்தது.

"ஒரு கொசு பிடிச்சுத் தரட்டுமா மெர்லி? அதுலயும் ரத்தம் இருக்கு" என்றான் வெல்டர் கார்டிங். எல்லோரும் சிரித்தார்கள்.

மெர்லி சிரிக்கவில்லை. தெற்கே செபு தீவிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "எங்க செபுல இப்படித்தான், இன்ஜினியர்."

வாசலில் புரொப்பல்லரை ஏற்றிப்போக வந்த லாரி ஹாரன் அடித்தது. இன்ஜினியர் முகம் சிவந்துவிட்டது.

"கடைசி நாள்ல என் மானத்தை வாங்கணும்னே வந்தியா? கார்டிங்! சந்தைக்கு ஓடு. ஏதாவது ஒரு கோழியைத் தூக்கிட்டு வா."

"அதுக்குள்ள பம்பைத் துடைச்சு வைக்கணும்," என்றாள் மெர்லி. "எண்ணெய்ப் பிசுக்குல ரத்தம் விழக் கூடாது."

"துடைச்சுத் தொலை."

"நான் தொடக் கூடாது. மாட்டின கைதான் துடைக்கணும்."

"இதுவும் செபுவா?"

"இதுவும் செபுதான். முதல்ல காத்தை அடைச்சிடுங்க. ரிலீஸை மிதிச்சு மீட்டர் முள்ளு சைபருக்கு வரட்டும். மூச்சு இருக்கற மெஷினைத் துடைக்கக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே காற்று வால்வை அடைத்து, ரிலீஸை மிதித்தார். முள் சைபரில் நின்றது. ஸ்டோரிலிருந்து நான் கொடுத்த துணியை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார்.

எண்ணெய்த் தொட்டியின் மூச்சுத் திருகைத் துடைத்தார். எண்ணெய் அளவைப் பார்த்தார். காற்றுக் குழாய்க் கிண்ணத்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் திறந்து விட்டார். பிறகு ஹோஸ். சாண் சாணாகத் துடைத்துக்கொண்டே போய், ஜாக்கில் மாட்டிய இணைப்புக்கு வந்தார்.

அங்கே துணி நின்றது.

கட்டைவிரல் அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தது. மறுபடி தடவியது. திருகின் மறை இன்னும் மூன்று சுற்று வெளியே இருந்தது. அப்படியே பெடலை மிதித்திருந்தால், ஹோஸ் பிடுங்கிக்கொண்டு சாட்டையாகச் சுழன்றிருக்கும். பக்கத்தில் நிற்பவன் முகமோ கையோ மிஞ்சியிருக்காது.

தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். அத்தனை பேர்.

அந்த நேரம் மெர்லி தெருப்பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள். "எங்கய்யா இந்த கார்டிங்? கோழி கேட்டா முட்டை வாங்கி அடைகாத்துட்டிருக்கானா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே தெருவைப் பார்த்தார்கள். நான் மட்டும் ஸ்டோர் ஜன்னலில் இருந்ததால் பார்த்தேன். இன்ஜினியர் அந்த வளையத்தை வேகவேகமாக முழுவதும் முடுக்கிவிட்டு எழுந்தார்.

கார்டிங் அக்குளில் ஒரு வெள்ளைக் கோழியோடு வந்தான். "மூணு தடவை கொத்திடுச்சு! ரத்தம் வேணும்னா என் கையிலயே இருக்கு."

"ம்... நடத்தும்மா," என்றார் இன்ஜினியர். குரலில் இப்போது கோபம் இல்லை.

மெர்லி கோழியைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். "நேரமாச்சு. கோழி வந்ததே போதும். நின்னு வேடிக்கை பார்க்கட்டும். எல்லாரும் தள்ளிப் போங்க, ஹோஸுக்கு நேரா யாரும் நிக்காதீங்க."

காற்றைத் திறந்து பெடலை மிதித்தாள். முள் நிதானமாக ஏறியது. வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். புரொப்பல்லர் விட்டுக்கொடுத்தது. கைதட்டினோம். யாரோ இன்ஜினியரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள்.

மூன்று மணிப் பலகாரத்துக்கு, கேன்டீன் நடத்தும் ஆலிங் சாயோங் பன்றி ரத்தக் குழம்பும் அரிசிப் புட்டும் கொண்டுவந்தாள். எப்போதும் ஆபீஸிலேயே சாப்பிடும் இன்ஜினியர் அன்று எங்களோடு தரையில் உட்கார்ந்தார். முதல் கிண்ணத்தில் குழம்பை நிரப்பி, தானே மெர்லியிடம் நீட்டினார்.

"சாப்பிடும்மா."

"ஐயோ, அவளுக்கா?" என்றாள் ஆலிங் சாயோங். "எங்க தெருவுலதான் குடியிருக்கா. அவங்க சபையில ரத்தத்தைத் தொடவே கூடாது. நான் இந்தக் குழம்பைக் கொதிக்க வச்சா, அவ ஜன்னலைச் சாத்திக்குவா. கோழி ரத்தம் விடற வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டா!"

நீட்டிய கிண்ணம் அப்படியே நின்றது.

இன்ஜினியர் அதைக் கீழே வைத்துவிட்டு மெர்லி பக்கம் சாய்ந்தார். பிறகு எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டார்.

"மூணு சுத்து பாக்கி இருந்ததை நீ எப்ப பார்த்த?"

காலில் கயிறு கட்டியிருந்த கோழிக்குப் புட்டை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்த மெர்லி நிமிரவில்லை.

"எந்தச் சுத்து, இன்ஜினியர்?"