சோணை வாங்கிய பாக்கெட்

“அண்ணே, சோணை வந்துக்கிட்டிருக்கான். வர்ற வழியில என் கடையில நின்னு ஒரு நிரோத் பாக்கெட் வாங்கிட்டு வாரான்” என்றார் பெட்டிக்கடை சின்னக்கருப்பன்.

கிணற்றடியில் கூடியிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிணற்றுக்காரர் மலையாண்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“பொண்டாட்டி செத்து மூணு வருசமாச்சு. அவனுக்கு எதுக்குடா அது?”

“அதைத்தாண்ணே ஊரே கேக்குது. ஒரு வருசமா, வாரா வாரம் வாங்குறான். குடும்பக் கட்டுப்பாடுன்னு செவத்துல செவப்பு முக்கோணம் வரைஞ்சது நமக்கா, அவனுக்கான்னு தெரியல.”

ஆனால் அன்றைக்கு மலையாண்டிக்குச் சோணையை விட்டால் வேறு கதியில்லை.

ஆறு வருடம் நடையாய் நடந்து வாங்கிய கரண்ட் அன்று காலையில்தான் கிணற்றுக்கு வந்தது. லைன்மேன் ஹரிநாராயணன் பீஸ் கட்டையைச் செருக, மலையாண்டி சுவிட்சைப் போட்டார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. சந்தோஷம் தாங்காமல் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவி ஆகாயத்தில் வீசினார். அது எங்கே போய் விழுந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஐந்தே நிமிடம். தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் வெறுமனே கத்திக்கொண்டிருந்தது.

“குழாயோட அடி வாயை ஏதோ அடைச்சிருக்கு. யாராவது முங்கித்தான் எடுக்கணும்” என்று சொல்லி மோட்டாரை நிறுத்தினார் லைன்மேன்.

கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுத்தான் மோட்டாரே வாங்கியிருந்தார் மலையாண்டி. வயலில் நெல் பால் பிடித்து நிற்கிறது. தண்ணீர் பார்த்து எட்டு நாள். இன்று பாயவில்லை என்றால் அத்தனையும் பதர்.

சுத்துப்பட்டில் கிணறு முங்க இருந்தது இரண்டே பேர். சோணையும் அவன் அண்ணன் பேயாண்டியும். போன வருடம் நல்லகாமன் கிணற்றில் முங்கிய பேயாண்டியைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். மிச்சம் சோணை.

அவன் வந்து சேர்ந்ததும் மலையாண்டி பிடித்துக்கொண்டார்.

“வெரசா வாடான்னு ஆள் விட்டா, வீட்டுக்குள்ள அரை மணி நேரம் என்னடா பண்ணுன?”

“ஒரு சோலி இருந்துச்சுண்ணே.”

“என்ன சோலின்னு ஊருக்கே தெரியும். ஒன் காலு பட்டா என் கிணறு வெளங்குமா?”

அவர் மனைவி அன்னக்கொடி அதட்டினாள். “அவன் யோக்கியத்தைப் பொறவு விசாரிங்க. பயிரு காயுது.”

“சரி, எறங்கு. ஆனா செத்துக்கித்து வச்சிராத. ஒங்கண்ணன் செத்து, நல்லகாமன் ஒரு வருசமா ஸ்டேஷன் படி ஏறி எறங்குறான். அந்தக் கதி எனக்கு வேணாம்.”

சோணை மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, கோவணத்தோடு வந்து தொபுக்கென்று குதித்தான்.

சின்னக்கருப்பன் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஐம்பது, அறுபது. எண்பதில் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். நூறில் சின்னக்கருப்பனும் நிறுத்திவிட்டார்.

“போச்சு. என்னையும் ஸ்டேஷன்ல உக்கார வைக்கப் போறான்” என்று தலையில் கை வைத்தார் மலையாண்டி.

சோணையின் தலை தெரிந்தது. பிறகு கை. கையில் புதுத் துண்டு.

கூட்டம் துண்டைப் பார்த்தது. அப்புறம் மலையாண்டியின் வெறும் தோளைப் பார்த்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

லைன்மேன் மறுபடி சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வந்தது பாருங்கள், வாய்க்கால் கொள்ளவில்லை. அன்னக்கொடி வயலைப் பார்த்து ஓடினாள். தண்ணீர் அவளை முந்திக்கொண்டு போனது.

மலையாண்டிக்கு நிலை கொள்ளவில்லை. மேலே ஏறி வந்த சோணையைக் கட்டிப்பிடிக்கப் போனவர் கண்ணில் அது பட்டது. சோணையின் அரைஞாண் கயிற்றில், வாயை இறுக்கி முடிந்து கட்டிய ஒரு ரப்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி, கிணத்துக்குள்ளயுமா இதைக் கட்டிக்கிட்டுப் போவ?”

“விடுங்கண்ணே.”

அவர் விடவில்லை. எட்டிப் பிடித்து இழுத்தார். ரப்பர் கிழிந்து, நாலாய் மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. பொட்டு ஈரம் இல்லை.

“லவ் லெட்டர் போல. சார், எல்லாருக்கும் கேக்குறாப்புல படிங்க” என்று அதை எடுத்து லைன்மேனிடம் நீட்டினார் சின்னக்கருப்பன்.

லைன்மேன் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

“‘சோணை எழுதியது. மலையாண்டி அண்ணன் கிணற்றில் நானே இஷ்டப்பட்டு இறங்கினேன். எனக்கு ஏதாவது ஆனால் அவர் பேரில் குற்றம் இல்லை. போலீஸ் அய்யாமார் அவரை அலைய விட வேண்டாம்.’”

யாரும் சிரிக்கவில்லை. மலையாண்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் காகிதத்தை வாங்கி, அதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

“இதை எங்கிட்டயே குடுத்துட்டு எறங்கியிருக்கலாமேடா?”

“நீங்க நீட்டுனா, நீங்களா எழுதிக்கிட்டதும்பாங்கண்ணே. செத்தவன் இடுப்புல இருந்து எடுத்தாத்தேன் நம்புவாங்க.”

“அதுக்காக இந்த ரப்பரா?” என்றார் சின்னக்கருப்பன்.

சோணை குனிந்து கிழிந்த ரப்பரை எடுத்தான்.

“எங்கண்ணன் இடுப்புலயும் இப்படி ஒரு சீட்டு இருந்துச்சு. நாந்தேன் எழுதிக் குடுத்தேன். சும்மா மடிச்சுச் சொருகியிருந்தாரு. ஆளை மேல தூக்கையில அது ஊறிக் கூழாப் போயிருந்துச்சு. அதாண்ணே, நல்லகாமண்ணே இன்னும் ஸ்டேஷனுக்கு நடக்குறாரு.”