மிஸ்ஸி வீட்டுக் கார்

கம்ப்யூட்டர் வைத்த காரை வீட்டில் வைத்துப் பழுது பார்க்கவே முடியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் வாசுதான். அப்படியிருக்க, ஞாயிறு தவறாமல் சந்திரிகா மிஸ்ஸியின் கார் முன்னால் அவனுக்கு என்ன வேலை?

அவன் மனைவி அம்சவள்ளிக்கு வயிறு எரிந்தது.

வாசு மெக்கானிக். தஞ்சோங் காராங் போகும் சாலையோரம், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. பழைய கார்களென்றால் பயமே கிடையாது. ஆனால் சமீபத்தில் வருகிற கார்கள் வேறு ரகம். பானெட்டைத் திறந்தால் இஞ்சினே தெரியாமல் ஒயர். கிள்ளான் டவுனுக்குக் கொண்டு போங்கள், அங்கேதான் அதற்கு மெஷின் இருக்கிறது என்று வந்தவர்களை அவனே அனுப்பி வைத்தான். அனுப்பி அனுப்பியே கொட்டகை காலியானது. சும்மா இருந்த கை சம்சு சாராய பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் ஞாயிறு முழுக்க வீட்டில் ரகளைதான்.

சந்திரிகா எஸ்டேட் கிளினிக்கில் நர்ஸ்; நர்ஸை மிஸ்ஸி என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். கல்யாணமாகவில்லை. கிளினிக் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். கோலாலம்பூரில் இருந்த அண்ணன் வெளிநாடு போகும்போது தன்னுடைய ஜப்பான் காரை அவளிடம் விட்டுப் போனான். அந்தக் கார் வாரமெல்லாம் நன்றாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்துக்கொள்ளும்.

கொஞ்ச நாளாக வாசு சனிக்கிழமை குடிப்பதில்லை. குளித்து, சாப்பிட்டு, சீக்கிரமே தூங்கிவிடுகிறான். காலையில் எழுந்து முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறான். அம்சவள்ளி சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், குடித்துவிட்டு விழுந்து கிடந்தாலும் அப்போது அவன் இவள் வீட்டில் விழுந்து கிடந்தான்.

"பொம்பளைக்காகக் குடிய விட்ட ஆம்பளைய நம்பாத லா" என்று பக்கத்து வீட்டுக் கலாவதி வேறு எண்ணெய் ஊற்றினாள்.

பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கியும் விடாத குடி. மிஸ்ஸிக்காக விட்டானா?

ஒரு நாள் அவனிடமே கேட்டாள். "அந்தக் காருக்கு அப்படி என்னதான் வியாதி?"

வாசு உற்சாகமாகிவிட்டான். செம்மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வாரத்துக்கு ஓர் ஒயர் கழன்றுகொள்கிறதாம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று இப்போதுதான் பிடிபடுகிறதாம். கை நடுங்கினால் அந்தச் சின்ன ஒயர்களைத் தொடவே முடியாதாம். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பளபளப்பு. கட்டியவளைப் பற்றிப் பேசும்போது ஒரு நாளும் வராத பளபளப்பு.

அடுத்த ஞாயிறு, வாசு முகம் மழித்துக்கொண்டிருக்கும்போதே, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குறுக்கு வழியில் நடந்தாள் அம்சவள்ளி.

மிஸ்ஸி வீட்டு வாசலில் கார் நின்றது. இஞ்சின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சந்திரிகா அதை நிறுத்தினாள். பானெட்டைத் தூக்கினாள். கையை உள்ளே விட்டு ஓர் ஒயரைப் பிடுங்கினாள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அம்சவள்ளி பாய்ந்து போய் முன்னால் நின்றாள்.

"நல்லா இருக்கிற காரக் கெடுத்துவச்சு எம் புருஷனக் கூப்பிடுறியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

சந்திரிகாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"மெதுவா பேசுங்கக்கா. வாசு அண்ணனுக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்போயிடும்."

"எல்லாம்னா?"

"தீபாவளி முடிஞ்சு மணிக்கட்டு வீங்கி கிளினிக்குக்கு வந்தீங்களே. வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னீங்க. நானும் தோண்டிக் கேக்கல. கட்டுப் போடும்போது நீங்களாத்தான் சொல்லி அழுதீங்க. அவரு கையில ஸ்பானர் இருந்தா கிளாஸத் தொடமாட்டாரு மிஸ்ஸி, அந்த ஸ்பானருக்குத்தான் இப்ப வேலையில்லன்னு."

அம்சவள்ளி தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். வலியில் யாரிடம் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் புலம்பியது. அவளே மறந்துவிட்டாள்.

"நான் எதப் பிடுங்குறேன்னு எனக்கே தெரியாதுக்கா" என்றாள் சந்திரிகா. "கைக்கு அகப்பட்டதக் கழட்டி விட்டுடுவேன். அண்ணன் சாயங்காலம் வரைக்கும் தேடுவாரு. கண்டுபிடிச்சுட்டா ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க."

செம்பனைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வாசுவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அம்சவள்ளி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சந்திரிகா கழற்றிய ஒயர் மேலேயே பளிச்சென்று தொங்கியது.

"இத மாட்டிட்டு, அடியில இருக்கிற ஒண்ணாப் பாத்துக் கழட்டுங்க மிஸ்ஸி. இது மத்தியானத்துக்குள்ளயே கண்ணுல பட்டுடும்."