பின்னால் பிடித்த கை

பக்கவாதத்துக்குப் பிறகு இன்றுதான் ஆஸ்பத்திரியில் எனக்குப் பரீட்சை. கண்ணை மூடித் தனியாக நின்றுவிட்டால் என் வீட்டுக்குப் போகலாம். விழுந்தால் மைத்துனன் வீடு. அதற்கு இன்னொரு பக்கவாதமே மேல்.

விழாமலிருக்க இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டிய பிசியோதெரபிஸ்ட், பூனைக்குட்டியைக்கூடத் தாங்கமாட்டான். கண்ணை மூடியதும் வெட்டிய வாழையாகச் சாய்ந்தேன். ஓர் இரும்புப் பிடி என்னை இழுத்து நிறுத்தியது.

"பரவாயில்லையே தம்பி, இன்னைக்குத்தான் சாப்பிட்டியா?"

"என்ன சார் கேட்டீங்க?"

குரல் வாசலிலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தேன். அந்தச் சோம்பேறி பிசியோதெரபிஸ்ட் அங்கே மைத்துனனின் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என் பின்னால் யாருமில்லை.

"அத்தான் அசையவே இல்லையே!" மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் என் டிரெய்னிங்" என்று சோம்பேறி பெல்ட்டைக் கழற்றினான்.

என் வீட்டுக்குக் கிளம்பினோம். காரின் பின்சீட்டில் மைத்துனன் ஏற வந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அத்தான், இடமே இல்ல."

நான் மறுபக்கக் கதவோடு ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.