தோப்புக் காவல்

"அப்பாசாமியத் தனியா வுடாத கலை. அவன் கண்ணு சரியில்ல."

பூவாயி வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா அண்ணி சொல்றீங்க? நேத்துகூட சிரிச்சுப் பேசிகினு இருந்தானே!" என்றான் கலையரசன்.

"உங்க அண்ணாத்தகூடத்தான் அன்னிக்குக் காலையில சிரிச்சுப் பேசினாரு."

பூவாயியின் கணவன் தர்மராஜ், அப்பாசாமி, கலையரசன் மூவரும் பிராந்திய ராணுவத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். கடப்பாக்கத்தில் கடலையும் சவுக்கும் போட்டுக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டால் துப்பாக்கி தூக்கப் போவார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'சீசன் பட்டாளம்.' இரண்டாயிரத்து இரண்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எல்லையில் மாசக்கணக்காகக் கண்ணிவெடி வயலுக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகு மூவருக்குமே சரியான தூக்கம் இல்லை. போன தை மாதம் தர்மராஜை அப்பாசாமியின் சவுக்குத் தோப்பிலிருந்துதான் கயிற்றை அறுத்துப் பிணமாகத் தூக்கி வந்தார்கள்.

"பட்டாளத்துல இருந்தா பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் படுத்துகினு இருப்பான். இங்க யாரு கீறாங்க? ட்யூட்டின்னு நெனச்சுக்க கலை. மாத்து ஆளு வராம காவல் நிக்கிற சென்ட்ரி எடத்த வுட்டு நகரக் கூடாதாமே, அவரு சொல்லுவாரு. நான் சொல்ற வரைக்கும் நீ எங்கியும் போவக் கூடாது" என்றாள் பூவாயி.

"போவல அண்ணி."

அன்றே ட்யூட்டியில் ஏறிவிட்டான். அப்பாசாமியின் மாட்டுக் கொட்டகையில், பரணில் இருந்த பூச்சிமருந்து பாட்டிலை எடுத்து மண்ணில் புதைத்தான். சாயங்காலம் அப்பாசாமி அந்தக் காலிப் பரணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கலையரசனைப் பார்த்தான். பூவாயி சொன்னது சரிதான்.

அதிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். இவன் கிளம்புவதற்குள் அவனே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். வேலை சுலபமாகத்தான் இருந்தது. கலையரசனைப் பயமுறுத்தியது வேறு.

கலையரசன் வீட்டு வேலிக்குப் பின்னால், விடிந்து பார்த்தால், யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து எழுந்துபோன மாதிரிப் புல் படிந்து கிடந்தது. தெருவில் இலை விழுந்தாலும் குரைக்கிற அவன் நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. இருட்டில் யாரும் இல்லாத வேலியைப் பார்த்து வாலை ஆட்டியது. முன்பெல்லாம் தர்மராஜ் வந்தால் அது இப்படித்தான் ஆட்டும்.

பிறகு, அவன் ஒளித்து வைத்திருந்த ஒரு பொட்டலம் காணாமல் போனது. செங்கல்பட்டுக்குப் போய் வாங்கி, தன் பழைய பச்சை பனியனில் சுற்றி, பம்புசெட் கூரைக்குள் செருகி வைத்திருந்தான். வைத்தது யாருக்கும் தெரியாது. மனைவி துர்காதேவியிடமும் சொல்லவில்லை; அதனால் நீ எடுத்தாயா என்று அவளைக் கேட்கவும் முடியாது. உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாத ஒன்றை எடுத்துப்போனது யார்?

மறுநாள் உச்சி வெயிலில், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பாசாமி வரவில்லை.

கலையரசன் தோப்புக்குள் ஓடினான். காற்றே இல்லை. ஆனாலும் தலைக்கு மேலே சவுக்கு இரைந்துகொண்டிருந்தது. தர்மராஜைக் கண்டெடுத்த மரத்தடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. அங்கே சருகு புதிதாகக் கலைந்து கிடந்தது. குனிந்து விலக்கினான்.

பச்சை பனியன். அதற்குள் புதுக் கயிறு.

"தேடிகினு வருவன்னு தெரியும்."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். அப்பாசாமிதான். தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தான்.

கலையரசனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"பாவி! என் பம்புசெட்டுல பூந்து எடுத்தாந்தது நீதானா? வேலியாண்ட ராவெல்லாம் குந்திகினு இருந்ததும் நீதானா?"

"நான்தான். நீ செங்கல்பட்டு போன அன்னிக்கு அதே பஸ்ஸுல பின்சீட்டுல வந்ததும் நான்தான்."

"இன்னாத்துக்குடா? அந்தப் பாட்டில நான் பொதைச்சிட்டேன்னு, என் வூட்டுக் கயித்தத் திருடியாந்து சாவப் பாத்தியா? உன் பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியாடா?"

அப்பாசாமி சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. சொம்பை மெல்லக் கீழே வைத்தான்.

"பாட்டில நீ எடுத்தது நல்லதாப் போச்சு கலை. அன்னிக்கு ராத்திரி அத நெனச்சுத்தான் அழுதேன். ஆனா நீ ஒண்ணு சொல்லு. ஊர்ல இல்லாத கயிறா? செங்கல்பட்டு வரைக்கும் போயி, துர்காவுக்குத் தெரியாம இத இன்னாத்துக்கு வாங்கி ஒளிச்சு வச்ச?"

சட்டையைப் பிடித்திருந்த கலையரசனின் கை தானாகத் தளர்ந்தது. அப்பாசாமி அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நான் ட்யூட்டியில கீறன்டா" என்றான். "'கலையத் தனியா வுடாத அப்பாசாமி, அவன் கண்ணு சரியில்ல'ன்னு பூவாயி அண்ணி சொல்லி மாசம் ஒண்ணாச்சு."